திருக்கழுக்குன்றம் சாலையில் ஓர் ஊறல் தண்ணீர்த் தொட்டி

விமான நிலையத்துக்கு அண்ணன் அனுப்பியிருந்த கார் தாம்பரம் தாண்டியதும் படுத்துவிட்டது. ஓட்டுநர் முன்மூடியைத் திறந்து பார்த்தார், வந்த புகையைக் கையால் விசிறினார், பிறகு என்னைச் செங்கல்பட்டுப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் தன் கடமை முடிந்தது என்று நின்றுகொண்டார். மடியில் இருந்த பெட்டியைக் கீழே வைக்க நான் மறுத்ததால் வழியெல்லாம் நடத்துநரிடம் பேச்சு வாங்கினேன்.

“இன்னாமா, அந்தப் பொட்டிக்கும் ஒரு டிக்கெட்டு கிழிக்கட்டா? ஒரு ஆளு எடத்தப் புட்சிகினு கீது.”

“கிழிங்க” என்றேன். மனிதர் நிஜமாகவே கிழித்துவிட்டார். பக்கத்தில் நின்றிருந்த அம்மாள் தன் காய்கறிக் கூடையையும் தூக்கி என் பெட்டிமேல் வைத்தார். டிக்கெட் எடுத்த இடம்தானே, சும்மா எதற்கு இருக்கணும் என்றார். சிங்கப்பெருமாள் கோவில் வரை இரண்டு கிலோ கத்தரிக்காயைச் சுமந்தேன்.

பெட்டிக்குள் இருந்தது காற்றை அளக்கும் கருவி. ஒரு தொட்டிக்குள் இருக்கிற காற்று மூச்சு விடத் தகுந்ததா, தீப்பற்றக் கூடியதா என்று எண்ணாகக் காட்டும், ஆபத்தென்றால் கத்தும். என் மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கி வந்தேன். அது உடைந்தால் நான் ஊர் திரும்பவே வேண்டாம்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்தில், இங்கே பாமாயில் என்பார்களே, அந்தச் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் கழிவுநீரைப் பார்த்துக்கொள்கிறவள். பழத்தை அவித்துப் பிழிந்த பிறகு மிஞ்சும் அந்தப் பழுப்புத் தண்ணீரை அப்படியே விட்டால் ஆற்றில் ஒரு மீன் பிழைக்காது. அதையே மூடிய தொட்டியில் விட்டு, காற்றுப் படாமல் புளிக்கவைத்தால், எரியும் வாயு கிடைக்கும். அந்த வாயுவில் கொதிகலனையே ஓட்டலாம். நாற்றம் பிடித்த வேலைதான். என் வேலைச் சட்டையைத் தன் சட்டையோடு சேர்த்துத் துவைக்க என் கணவர் இன்றுவரை சம்மதித்ததில்லை.

அண்ணன் தணிகாசலம் எனக்குப் பெரியப்பா முறை வழியில் அண்ணன். எங்கள் தாத்தாக்கள் இருவரில் ஒருவர் கப்பலேறினார், ஒருவர் ஊரிலேயே இருந்து நெல் வியாபாரம் பார்த்தார். அந்த வியாபாரம்தான் இப்போது திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் புழுங்கல் அரிசி ஆலையாக நிற்கிறது. சில வருடங்களுக்கு முன் என் மகள் கல்யாணத்துக்கு வந்த அண்ணன், தாலி கட்டி முடித்த கையோடு எங்கள் ஆலையைப் பார்க்கவேண்டும் என்றார். தொட்டியையும் அதிலிருந்து வரும் நீலத் தீயையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஊர் திரும்பியதும் ஒரு பொறியாளரைப் பிடித்துத் தன் ஆலையிலும் ஒன்று கட்டிவிட்டார்.

போன ஆயுத பூஜைக்கு அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. “தொட்டி தீப்புடிச்சிடுச்சிமா. ஒரு ஆளுக்கு மூஞ்சி, கை எல்லாம் வெந்துபோச்சு. உசுரு இருக்குது. மில்ல மூடிட்டேன். நீதான் வந்து பாக்கணும்” என்றார். எனக்கு விடுப்புக் கிடைத்தது தை பிறந்த பிறகுதான்.

வந்து சேர்ந்த மறுநாள் காலையில் “பசியாறிட்டீங்களா அண்ணி?” என்று கேட்டதற்கு அண்ணி சிரித்தார். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் பேச்சு. இங்கே அதற்கு நாஸ்தா என்று பெயர். வடகறியும் இட்லியும் வைத்தார். எங்கள் பக்கத்தில் வடகறி கிடையாது. நான் வெட்கமில்லாமல் மூன்றாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அந்த வீட்டில் அன்றைக்குச் சிரிப்பு அதோடு முடிந்தது.

ஓடாத ஆலை ஒரு மாதிரியான இடம். உமி மலையாகக் குவிந்து கிடந்தது, அதன்மேல் ஆடுகள் ஏறி நின்றன. நெல்லை ஊற வைக்கும் பெரிய தொட்டிகள் வரிசையாகக் காய்ந்திருந்தன. புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊற வைத்து அவிப்பார்கள். அந்த ஊறல் தண்ணீர் இரண்டு நாளில் புளித்து, நாலு தெருவுக்கு நாறும். முன்பு அது வாய்க்கால் வழியாக ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது. நாற்று கருகுகிறது என்று விவசாயிகள் வந்து சண்டை போட்ட பிறகுதான் அண்ணன் தொட்டி கட்டினார். இப்போது தொட்டி இல்லாமல் ஆலையை ஓட்டினால் மறுபடி ஏரிக்குத்தான் விடவேண்டும், ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள். அதனால் கதவு பூட்டியிருந்தது, வேலை செய்தவர்கள் வேறு கூலிக்கு அலைந்துகொண்டிருந்தார்கள்.

கொதிகலன் பார்க்கிற சம்பத்து என்பவரை எனக்குத் துணைக்கு விட்டிருந்தார் அண்ணன். நாற்பது வயது இருக்கும். சொல்வதற்கு முன்பே கையில் சாவியை எடுத்துக் கொடுக்கிற ஆள். ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

தரைக்குள் கட்டிய காங்கிரீட் தொட்டி அது. மேலே ஓர் ஆள் இறங்குகிற அளவுக்கு வட்டமான வாய், அதற்கு இரும்பு மூடி. மூடியைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. பக்கத்துச் சுவரில் ‘பீடி, சிகரெட் பிடிக்கக் கூடாது’ என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது, பெயிண்டு புதிது.

“எதுக்காக இதைத் திறந்தீங்க?” என்று கேட்டேன்.

“ஆயுத பூசையாச்சேமா” என்றார் அண்ணன். “எல்லா மிஷினையும் கழுவிப் பொட்டு வெப்போம். இதுவும் மிஷின்தான? பாதித் தண்ணிய வெளிய எறைச்சிட்டு, உள்ள எறங்கிச் சேறு வாரிக் கழுவலாம்னு கெணறு தூர் வார்ற எத்திராஜக் கூப்ட்டேன். அவன் தொட்டி வாயாண்ட நின்னு பீடியப் பத்த வெச்சிட்டான். குடிச்சிருந்தானாம்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எங்கள் ஆலையில் இந்தத் தொட்டியை வருடக்கணக்கில் திறக்கமாட்டோம். வாயு உண்டாக்குகிற கிருமிகள் அந்தச் சேற்றில்தான் இருக்கின்றன. அதை வாரிக் கொட்டுவது உறை மோரைச் சாக்கடையில் ஊற்றுவதுபோல. பாதி காலி செய்து மூடியைத் திறந்து வைப்பது அதைவிட மோசம். உள்ளே இருக்கும் வாயுவோடு வெளிக்காற்று கலக்கும். அந்தக் கலவைதான் கொல்லும். இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னபோது என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“யாரு பார்த்தா, அவர் பீடி பத்த வெச்சதை?” என்று கேட்டேன்.

“சம்பத்துதான் கூட இருந்தான்” என்றார் அண்ணன். சம்பத்து நெல் தூற்றுகிற விசிறியைத் தொட்டி வாய்க்கு இழுத்து வரப் போயிருந்தார். உள்ளே நல்ல காற்றை ஊதித் தேங்கிய வாயுவை வெளியேற்ற இரண்டு நாளாவது அது ஓடவேண்டும்.

அந்த இரண்டு நாளில் சும்மா உட்கார்ந்திருக்காமல் மாமல்லபுரம் பார்த்துவிட்டு வா என்றார்கள். கார் இன்னும் தாம்பரத்தில்தான் படுத்திருந்தது. இரவல் பெட்டியை விட்டுப் போக மனமில்லாமல் அதையும் தூக்கிக்கொண்டு பேருந்தில் போனேன். பாறைச் சிற்பங்களைப் பார்த்தேன். நாவலூர்ப் பக்கத்து அலுவலகம் ஒன்றிலிருந்து கழுத்தில் அடையாள அட்டையோடு வந்திருந்த இளைஞர் கூட்டம் தங்களைப் படமெடுக்கச் சொன்னது, எடுத்தேன். எல்லாருடைய தலையும் விழுந்ததா என்று மூன்று தடவை சரிபார்த்துக்கொண்டார்கள். கடற்கரையோரக் கடையில் வஞ்சிரம் வறுத்துக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் மீனை வாழையிலையில் சுற்றிச் சுடுவார்கள், சம்பல் என்கிற மிளகாய்த் துவையலின் காரம் கண்ணில் நீர் வரவைக்கும். இங்கே மசாலா அடக்கமாக இருந்தது, மீன் நேற்றுவரை கடலில் இருந்தது தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மனது அந்தக் கரி படிந்த மூடியிலேயே இருந்தது.

திரும்புகிற பேருந்து வழியில் டயர் வெடித்து நின்றது. எல்லாரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். மீன் வாடையோடு ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

“நீங்கதான மில்லு தொட்டி பாக்க வந்துகிற மலேசியாம்மா?”

“ஆமா. நீங்க?”

“எத்திராஜு பொஞ்சாதி. கன்னியம்மா. பஸ் ஸ்டாண்டுல பாத்துட்டு ஒங்க பின்னாலயே ஏறனேன். கடக்கரையில ஓட்டல்ல மீனு கழுவறேன் இப்ப.”

எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“இருக்கறாரு. மூஞ்சி ஆறிப் பூட்ச்சி. கைதான் சரியா மடங்கல. அது போவட்டும்மா. பீடி புட்சாரு, குட்ச்சிட்டு நின்னாருன்னு ஊரே சொல்லிகினு கீது. கண்ணாலம் கட்ன நாள்லேந்து அவுரு வாயில நான் பீடியப் பாத்ததில்ல. கெணத்துல எறங்கற ஆளு, நெஞ்சுல மூச்சு வேணும்னு பொடி கூடப் போடமாட்டாரு.”

“அவர் என்ன சொல்றாரு?”

“வாயத் தொறந்தாதான? கேட்டா சொவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறாரு. முன்னல்லாம் எங்கெங்கேந்தோ கெணறு தூர் வாரணும்னு வந்து வாசல்ல நிப்பாங்கோ. இப்ப ஒருத்தரும் வரல. இவனால மில்லு மூட்ச்சி, எங்க சோறு பூட்ச்சின்னு எங்க தெருவுலயே பேசறாங்கோ.” கொஞ்ச நேரம் டயர் மாற்றுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வெந்தது வெந்துச்சி. அவுரு கவனமில்லாத ஆளுன்னு சொல்றாங்களே, அதத்தான் அவரால தாங்க முடியல. நெருப்பு எதால புட்ச்சிதுன்னு நீங்க பாத்துச் சொல்லுங்கோ. அவுரு பேர நீங்கதான் திருப்பித் தரணும்.”

பேருந்து கிளம்பியபோது என் பெட்டியை அவர் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் நான் எத்திராஜு வீட்டுக்குப் போனேன். சாலைக்கு அந்தப் பக்கம், அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீடுகள் வரிசையாக இருக்கிற தெரு. ஒரு தலைமுறைக்கு முன் பிறர் நிலத்தில் உழைத்தவர்களின் பிள்ளைகள் இப்போது ஆலையிலும் கட்டட வேலையிலும் அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். ஒரு வீட்டு வாசலில் மாதா படம், அடுத்ததில் முருகன். எத்திராஜு உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தார். கன்னத்துத் தோல் இழுத்து ஒட்டியதுபோல் பளபளத்தது, ஒரு புருவம் இல்லை. பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது. திருப்பக்கூடாது என்று பிடிவாதமாகப் பார்த்தேன்.

யாரென்று சொன்னேன். தண்ணீர் கொடுத்தார். நான் எழுந்திருக்கலாமா என்று நினைத்தபோது கேட்டார்.

“ஒண்ணு கேக்கட்டாம்மா? வெளக்கு ஏன் அணையல?”

“எந்த விளக்கு?”

“கெணத்துல எறங்கறதுக்கு மின்ன லாந்தரக் கயித்துல கட்டி உள்ள வுடுவோம். அணைஞ்சா கெட்ட காத்து, எறங்கமாட்டோம். நல்லா எரிஞ்சா எறங்கலாம். எங்கப்பாவும் அப்டிதான் எறங்கனாரு. அன்னிக்கும் வுட்டோம்மா. அணையல. திரி நீண்டுகினு பெரிசா எரிஞ்சிச்சி. சரி, நல்ல காத்துதான்னு இன்னும் கொஞ்சம் குனிஞ்சேன்.”

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. பீடியும் இல்லை, குடியும் இல்லை. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்குத் தெரிந்த ஒரே வழியை ஒழுங்காகச் செய்திருக்கிறார். அதுதான் எரித்திருக்கிறது. மூன்று மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அந்த விளக்கைப் பற்றித்தான் யோசித்திருக்கிறார்.

நான் தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து சொன்னேன். “கிணத்துல தேங்கி நிக்கிற கெட்ட காத்து தீயை அணைக்கும். அதனால அங்கே விளக்கு சரி. இந்தத் தொட்டியில இருக்கிறது அடுப்புல எரியிற காத்து. அது தீயை வளர்க்கும். திரி நீண்டது அதனாலதான். நீங்க உள்ளே விட்டது, தொட்டியைப் பொறுத்தவரைக்கும் தீக்குச்சி.”

அவர் அதை மெல்ல மனதுக்குள் போட்டுப் பார்த்தார். உதடு அசைந்தது.

“அப்ப வெளக்கு பொய் சொல்லல.”

“இல்லை.”

“எடம்தான் வேற.”

“ஆமா.”

மணிக்கட்டால் கண்ணைத் துடைத்தார்; விரல்கள் முழுக்க மடங்கவில்லை. “இத எனக்கு ஒருத்தரும் சொல்லலியேம்மா. பீடி புடிக்காதன்னு சொன்னாங்கோ. நான் எங்க பீடி புடிக்கிறேன்?”

“விட்டோம்னு சொன்னீங்களே. கூட யாரு?”

அவர் வாசலைப் பார்த்தார். “வெளக்கு வுடறது கயிறு புடிக்கறவன் வேல. மில்லு வேல இல்லாத நேரத்துல எல்லாக் கெணத்துலயும் எனக்குக் கயிறு புடிக்கறது சம்பத்துதான். அவன் பேர நீங்க எடுக்க வாணாம்மா. நெருப்பு புட்ச்சதும் என்னத் தோள்ல போட்டுகினு ரோட்டுக்கு ஓடனவன் அவன்தான். மொதலாளி எப்டிடா ஆச்சின்னு கத்தனாரு, பயத்துல பீடின்னுட்டான். அப்புறம் திருப்ப முடியல. அவனுக்கு அந்த மில்லுல நெலையான வேல, எனக்குக் கூலி வேல. பூட்டது என் தோலு. அவன் சோறும் எதுக்குப் போவணும்?”

“உங்க வீட்டம்மாவுக்காவது சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா அது தெருவுல நின்னு கத்தும்” என்றார். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

சம்பத்து பெயரை நான் எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். தொட்டிக்குள் பார்க்கமாட்டேன் என்று கொடுக்கவில்லை.

அடுத்த நாள் நல்ல வெயில். அண்ணியின் அலமாரியில் பதித்திருந்த நிலைக்கண்ணாடியைக் கழற்றித் தரும்படி கேட்டேன், அவர் மறுக்காமல் கொடுத்தார். வேலைக்காரர்கள் எல்லாரையும் வரச்சொல்லும்படி அண்ணனிடம் சொன்னேன். வேண்டுமென்றேதான் கூப்பிட்டேன், மறைக்க ஒன்றுமில்லை. விசிறியை நிறுத்திக் கருவியைக் கயிற்றில் இறக்கி அளந்தேன். எண்கள் நல்லபடியாக இருந்தன, அது கத்தவில்லை. பிறகு கண்ணாடியைச் சாய்த்து வெயிலைத் தொட்டிக்குள் திருப்பினேன்.

நெருப்புக்குப் பிறகு மீதித் தண்ணீரையும் பம்பு வைத்து எடுத்திருந்ததால் அடியில் காய்ந்து வெடித்த சேறு. தண்ணீர் வருகிற குழாய் நடுவில் உடைந்து தொங்கியது. வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். சேற்றில் சாய்ந்து கிடந்தது ஒரு லாந்தர். கைப்பிடியில் பாதி கருகிய கயிறு.

அண்ணன் குனிந்து பார்த்தார். “லாந்தரு எப்டி உள்ள வந்துச்சி?”

“கிணத்துல இறங்கறவங்க முதல்ல விளக்கு விட்டுப் பார்ப்பாங்களாம், அண்ணே” என்றேன். “இந்தத் தொட்டிக்கு அது ஆகாதுன்னு நீங்க யாராவது அவங்களுக்குச் சொன்னீங்களா?”

“பீடி கூடாதுன்னு சொன்னேன்” என்றார் அண்ணன், மெதுவாக.

சம்பத்து அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். “நான்தான் வுட்டேன்” என்றார். “என் கையால பத்த வெச்சி, என் கையால வுட்டேன். அவன் பீடி புடிக்கல. குடிக்கல. அவன் ஒண்ணுமே பண்ணல.” சுற்றி நின்றவர்களில் ஒருவர் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு முன்னால் வந்தார். இன்னொருவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணனுக்கு ஆத்திரம் பொங்கியது. இனி மில் பக்கம் வராதே என்று சம்பத்தைப் பார்த்துக் கத்தினார். கத்திவிட்டுச் சிவப்பு எழுத்துச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “கழுவச் சொன்னது நான்” என்றார். தன்னிடமே சொல்லிக்கொள்வது போலத்தான் சொன்னார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

அன்று சாயங்காலம் அவர் சாலையைத் தாண்டி எத்திராஜு வீட்டுக்குப் போனார். நானும் போனேன். அண்ணன் அந்தத் தெருவுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை என்று அண்ணி பின்னால் சொன்னார். வாசலில் நின்றுகொண்டே, தெருவுக்கே கேட்கிற குரலில் பேசினார். “எத்திராஜு, உன் மேல தப்பு இல்ல. என் மேலதான். லாந்தரால ஆச்சுன்னு எல்லாரும் பாத்துட்டோம்.” கன்னியம்மாள் உள்ளேயிருந்து வந்து கணவரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். எத்திராஜு எழுந்து நின்றார். உள்ளே வாங்க என்று அவரும் சொல்லவில்லை, அண்ணனும் போகவில்லை. இரண்டு பேரும் அப்படியே நின்றிருந்தார்கள்.

நான் கிளம்புவதற்கு முன் தொட்டியில் ஒரு வேலை பாக்கி இருந்தது. உடைந்த குழாயை மாற்றவேண்டும். அதன் பிறகுதான் சாணம் கரைத்து ஊற்றி, ஊறல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தொட்டியை மறுபடி புளிக்கவைக்க முடியும். வாயு வரப் பல வாரம் ஆகும். அதைப் பார்க்க நான் இங்கே இருக்கமாட்டேன். குழாய் வேலைக்குச் சென்னையிலிருந்து ஆள் வரவழைப்பதாக அண்ணன் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

காலையில் எத்திராஜு வந்து நின்றார், பின்னால் கன்னியம்மாள்.

“நான் எறங்கறேம்மா.”

“வேண்டாம்” என்றேன். “உங்க கை இன்னும் சரியாகலை.”

“ஏணியில எறங்கறதுக்கு இது போதும். இன்னிக்கி எறங்கலன்னா இனிமே எந்தக் கெணத்துலயும் எறங்கமாட்டேன். எனக்குத் தெரியும்.”

கன்னியம்மாளைப் பார்த்தேன். ராத்திரி பூராவும் சண்டை போட்டுப் பார்த்துட்டேன் என்றார். கண்கள் சிவந்திருந்தன.

விசிறியை ஓடவிட்டு நான் அரை மணி நேரம் அளந்தேன். மேலே அளந்தேன், நடுவில் அளந்தேன், அடியில் அளந்தேன். பிறகு கருவியை எத்திராஜு கையில் கொடுத்து அவரையே இறக்கச் சொன்னேன். லாந்தரை இறக்குவது போலவே நிதானமாக இறக்கினார், எண்களை என்னிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார், மேலே இழுத்து மறுபடியும் ஒரு தடவை இறக்கினார். “இது நெருப்பில்லாம சொல்லுது” என்றார். ஏணியை உள்ளே வைத்தோம். கருவியை அவர் சட்டையில் மாட்டினேன். இடுப்பிலும் தொடையிலும் கயிறு கட்டிக்கொண்டார்.

இனி கயிற்றை ஒருவர் பிடிக்கவேண்டும். இங்கே அதற்கு ஒரு முறை உண்டு என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மேலே பிடிக்கிறவர் இருக்கிறாயா என்று விடாமல் கூப்பிடவேண்டும், கீழே போனவர் இருக்கிறேன் என்று ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லவேண்டும். பதில் வராவிட்டால் வேறெதையும் யோசிக்காமல் கயிற்றை இழுத்துவிடுவார்கள். எந்தக் கிணற்றிலும் எத்திராஜுக்காகக் கூப்பிட்டது ஒரே குரல்தான்.

நான் பிடிக்கிறேன் என்று இரண்டு மூன்று பேர் வந்தார்கள். கன்னியம்மாள் கயிற்று முனையை யாரிடமும் கொடுக்கவில்லை. உமிக் குவியலுக்குப் பக்கத்தில் சம்பத்து நின்றிருந்தார். அவர் வந்ததை நான் கவனிக்கவேயில்லை. அண்ணனும் அவரைப் பார்த்தார், போ என்று சொல்லவில்லை. கன்னியம்மாள் கயிற்றை இழுத்துக்கொண்டு அவரிடம் நடந்துபோய், முனையை அவர் கையில் திணித்தார்.

“புடி அண்ணாத்த. வாயத் தொறந்து கூப்புடு. இந்த வாட்டியும் வாய மூடிகினு நிக்காத.”

எத்திராஜு ஏணியில் கால் வைத்தார். தோள் மறைந்தது, தலை மறைந்தது. கயிறு சம்பத்தின் கைகளுக்குள் மெல்ல ஓடியது. அவர் வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கன்னியம்மாள் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“கீறியா?” என்றார் சம்பத்து. பாதி காற்றாகத்தான் வந்தது.

கீழேயிருந்து பதில் இல்லை. நான் கயிற்றுக்குக் கை நீட்டிவிட்டேன்.

“கீறியாடா எத்திராஜு?”

“கீறேன்டா.” தொட்டிக்குள்ளிருந்து குரல் சுற்றிச் சுற்றி வந்தது. “நீ கீறியா?”

சம்பத்து தலையை ஆட்டினார். கண்ணீர் மூக்கு வழியாக ஒழுகியது, துடைக்கக் கை இல்லை; இரண்டும் கயிற்றில் இருந்தன. மறுபடி தலையை ஆட்டினார்.

“தலைய ஆட்னா உள்ள கீறவருக்கு எப்டித் தெரியும்?” என்றார் கன்னியம்மாள். “சொல்லு.”

“கீறேன்” என்றார் சம்பத்து.